உச்சி வெயிலில் சிப்பிக் காளான்

வேலைக்குப் போகும் பேருந்தின் படியில்தான் முதலில் தெரிந்தது. வலி என்று சொல்ல முடியாது. தொடை என் பேச்சைக் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கி ஏறினேன்.

சிவகாசி அச்சகம் ஒன்றில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். "இம்புட்டுப் படிச்சவளுக்குப் படி ஏற முடியலையாக்கும்" என்றார் நாரணாபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. சிரித்துவைத்தேன். உள்ளே பயம். நடக்கவே முடியாமல் போய்விடுமோ?

இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மிகக் குறைவு. ஆஸ்டியோமலேசியா (சுண்ணாம்புச் சத்து சரியாகப் படியாமல் எலும்பு மென்மையாவது) என்றார் மருத்துவர்.

"எங்க ஊர்ல இல்லாத வெயிலா டாக்டர்?"

"ஊர்ல இருக்கு. உங்க மேல படணும்ல? காலையில ஏசிக்குள்ள போனா, பொழுது சாஞ்சுதான் வெளிய வாரீக."

மாத்திரை எழுதினார். மதியம் சற்று நேரம் வெயிலில் உட்காரச் சொன்னார். மீன் எனக்கு ஆகாது என்றதும் காளானைச் சொன்னார். சிப்பிக் காளானை, குடைக்கு அடியிலுள்ள மடிப்புப் பக்கம் மேலே இருக்க, உச்சி வெயிலில் சிறிது நேரம் வைத்தால் அதற்குள்ளும் வைட்டமின் டி உண்டாகுமாம். புரதமும் நார்ச்சத்தும் உண்டு. "ஆனா அது சாப்பாடு. மாத்திரையை நிறுத்திராதீக."

வீட்டில் அம்மாவிடம், "காளானும் மருந்து மாதிரிதாம்மா" என்றேன். அம்மா பட்டாசு ஆலையில் சரக்குக் காயவைக்கும் வேலை பார்த்தவள். தினமும் மாடியில் தட்டை வைத்தாள். நானும் நம்பிச் சாப்பிட்டேன்.

ஒரு விடுமுறை நாளில் மாடிக்குப் போனேன். வெயில் இன்னும் உச்சிக்கு ஏறவே இல்லை. தட்டு அதற்குள் நிழலில், துணி மூடி இருந்தது.

"எம்மா, உச்சி வெயில்லல்ல வைக்கணும்?"

"மருந்துன்னு நீதான சொன்ன. மருந்த எவளாச்சும் உச்சி வெயில்ல வைப்பாளா? சூடேறுமுன்ன எடுத்துரணும்."

எங்கள் ஊரில் மருந்து என்றால் முதலில் வெடிமருந்து.

"காளான் வெடிக்காதும்மா."

"ஆமா, பெரிய படிப்பு." முணுமுணுத்துக்கொண்டே தட்டை வெயிலுக்கு நகர்த்தினாள். நானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சில மாதங்களில் கையூன்றாமல் தரையிலிருந்து எழுந்தேன். மாத்திரையா, வெயிலா, காளானா? பெரும்பங்கு மாத்திரைதான் என்கிறார் மருத்துவர். எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இதேபோல் தொடையில் வலுவில்லாமல் இதைப் படிப்பவர்கள் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காளான் கடையில் வாங்கியதாக இருக்கட்டும். காட்டில் முளைத்ததைப் பறிக்க வேண்டாம்.

முன்பெல்லாம் மதியம் என்பது எனக்குச் சாப்பாட்டு இடைவேளை மட்டும். இப்போது அந்த நேரத்தை என் எலும்பு எதிர்பார்ப்பதுபோல் இருக்கிறது. அம்மாவுக்கோ அது இன்னமும் ஆபத்தான நேரம். விடுமுறை நாள்களில் மாடிக் கதவு நிழலில் நின்று கையை மட்டும் நீட்டிக் காளானைத் தொட்டுப் பார்க்கிறாள். பிறகு, அதே விரல்களால் என் தோளை.

"சூடாயிட்ட புள்ள. உள்ள வா."