மோதி பாக் நிறுத்தத்தில் இரண்டு ஸ்பானியக் குரல்கள்

டெல்லி மோதி பாக் பஸ் நிறுத்தத்தில் நிழலே இல்லை. சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டும். ஸ்டேஷனுக்குப் போகும் பஸ்ஸைக் காணோம். கையில், ஆங்கிலம் வழியாக நான் தமிழாக்கிய ஸ்பானிய இலக்கியத் தொகுப்பு. ஊர் போய்ச் சேர்ந்ததும் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

வழியனுப்ப வந்திருப்பவள் நண்பரின் மகள் மாலினி. டெல்லியிலேயே பிறந்தவள், கல்லூரியில் ஸ்பானிஷ் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது.

"பஸ் வர்ற வரைக்கும் படிச்சுக் காட்டுங்க அங்கிள்."

பதினாறாம் நூற்றாண்டுப் போக்கிரி ஒருவன் தன் பசியைச் சொல்லும் பக்கத்தைப் படிக்கிறேன். அடுத்து, பதினேழாம் நூற்றாண்டின் பரோக் என்னும் அலங்கார நடைக் கவிதை. நடுநடுவே சாலையை எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

"அச்சா, நல்லா இருக்கு. ஆனா ரெண்டு பேரும் ஒரே மாதிரி பேசறாங்களே? அவன் ரோடுல திரியறவன். இவர் அரண்மனைக் கவி, எதையும் முறுக்கி முறுக்கித்தான் சொல்வார்."

"படிக்கறவங்களுக்குப் புரிய வேண்டாமாம்மா?" எனக்கு எரிச்சல்.

இரண்டும் அவள் பாடத்தில் இருப்பவை. ஸ்பானிஷில் சொல்லிக் காட்டுகிறாள். முதலாவது மூச்சிரைக்க ஓடுகிறது. மற்றது சுற்றிச் சுற்றி வருகிறது, முடிய மறுக்கிறது. ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் பேசுவது இரண்டு பேர். என் தொகுப்பில் எல்லா நூற்றாண்டிலும் நான் ஒருவன்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பஸ் வந்து நிற்கிறது. கண்டக்டர் தகரத்தைத் தட்டுகிறார். "ஜல்தி, ஜல்தி!"

பஸ்ஸைப் போகச் சொல்லிக் கையசைக்கிறேன்.

"அங்கிள், ட்ரெயின்?"

"அந்தப் போக்கிரியை இன்னொரு தடவை சொல்லு."