மஞ்சள் பிடிக்காத பத்திரிகை

கல்லிலிருந்து காகிதம் செய்கிறார்கள் என்று நான் முதன்முதலில் படித்தது, கடலூரில் எங்கள் தெருவில் வெள்ளம் வடிந்துகொண்டிருந்த வாரத்தில். கெடிலம் ஆறு வீட்டுக்குள் வந்து போயிருந்தது. கல்லூரியில் நான் எழுதிய வேதியியல் குறிப்புகள் எல்லாம் ஊறிப் பொங்கல் பதத்துக்கு வந்திருந்தன. கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழிந்தன. அப்போதுதான் செல்போனில் அதைப் பார்த்தேன்: சுண்ணாம்புக்கல்லை மாவாக அரைத்து, கொஞ்சம் பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்த்து, தாளாக இழுக்கிறார்களாம். மரம் வேண்டாம். நனையாது. லேசில் கிழியாது.

பைத்தியம் பிடித்துவிட்டது எனக்கு. மாதிரித் தாள்கள் வரவழைத்து வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்து வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன்.

“மொதல்ல செவுத்துக்கு அடிக்க சுண்ணாம்பு வாங்கியா. பேப்பருக்கு அப்பறம் பாக்கலாம்” என்றார் அப்பா.

அதே வெள்ளத்தில் இன்னொன்றும் கெட்டுப்போயிருந்தது. சிதம்பரத்திலிருந்து மாமா, அம்மாவின் ஒரே அண்ணன், எங்களை அழைத்துப்போக வேன் பிடித்துக்கொண்டு வந்தார். இடுப்பளவு தண்ணீரில் நடந்து வாசலுக்கு வந்தவரிடம் அப்பா, “நாங்க என்ன அகதியா மச்சான், வேன்ல ஏத்திட்டுப் போவ?” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னேன் என்பார் பிறகு. மாமா அதே தண்ணீரில் திரும்பி நடந்தார். அதற்குப்பிறகு அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அம்மாவுக்கு மண்டபமோ நகையோ கவலையாக இல்லை. “எங்கண்ணன் வந்து நிக்கணும். தாய்மாமன் இல்லாத மேடையில எம்பொண்ணு எப்படி ஒக்காருவா?” இதையேதான் சமையலறையிலும் கொல்லையிலும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வேறு கவலை. பத்திரிகையைக் கல் காகிதத்தில் அடிக்க வேண்டும்.

“எங் கல்யாணம் ஒனக்குக் கெமிஸ்ட்ரி லேபாடா?” என்றாள் அக்கா. “சரி, பிளாஸ்டிக் இருக்குன்னியே, மக்குமா?”

“வெயில்ல கெடந்தா பொடியாயிடும்னு சொல்றாங்க.”

“சொல்றாங்களா, ஆவுமா?”

நான் மாதிரித் தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன். பொடியான பிளாஸ்டிக் எங்கே போகும் என்பது எனக்கே தெரியாது. ஆனாலும் அக்கா தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, “வழுவழுன்னு நல்லாத்தான் இருக்கு” என்று சம்மதித்துவிட்டாள். அச்சகத்தில் மை காய நேரமாகிறது என்று முணுமுணுத்தபடி அடித்துக் கொடுத்தார்கள்.

கோயிலில் வைத்த பிறகு முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. அம்மா மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் தடவினாள். வழக்கமாகத் தாள் மஞ்சளை உறிஞ்சிக்கொள்ளும். இதில் மேலே அப்படியே உட்கார்ந்திருந்தது.

“என்னடா, புடிக்கவே மாட்டேங்குது?”

“காஞ்சா சரியாயிடும்மா.”

அப்பா சிதம்பரத்துக்கு வரவில்லை. “நீங்க போய் வெச்சுட்டு வாங்க, நான் போன்ல பேசிக்கறேன்” என்றார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டாள்.

சிதம்பரத்தில் நானும் அம்மாவும் பேருந்தை விட்டு இறங்கியதும் நல்ல மழை. மாமா வீட்டுக்குள் நுழையும்போது தாம்பாளத்தில் தண்ணீர் நின்றது. வெற்றிலை, பூ, பழம், நடுவில் பத்திரிகை. அத்தை ஓடிவந்து துண்டு கொடுத்தார்கள். மாமா எழுந்து நின்றார். முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால், “வா, ஒக்காரு. நனஞ்சிட்டியே” என்று அவர் சொன்னதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அடடா, பத்திரிக நனஞ்சிருச்சே” என்றார் அத்தை.

அந்த வார்த்தைக்காகவே நான் காத்திருந்த மாதிரி ஆகிவிட்டது. “நனையாது அத்த! பாருங்க மாமா, இங்க பாருங்க!” என்று பத்திரிகையை எடுத்து, கையிலிருந்த துண்டால் ஓர் இழுப்பு இழுத்தேன். பிறகு திருப்பி இன்னோர் இழுப்பு. தாள் பளிச்சென்று ஆனது. ஓர் எழுத்துகூடக் கலையவில்லை. பெருமையாக நீட்டினேன்.

யாரும் தாளைப் பார்க்கவில்லை. துண்டைப் பார்த்தார்கள். நான்கு மூலை மஞ்சளும் அதில் இருந்தது.

“மஞ்சளத் தொடச்சிட்டியேடா” என்றாள் அம்மா. துண்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

“என்ன பேப்பர் இது?” என்றார் மாமா, மெதுவாக.

“கல்லு மாமா. சுண்ணாம்புக்கல்…”

“கல்லு.” அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். “வீட்டுக்காரர் வரல. பத்திரிகைல மஞ்ச இல்ல. கேட்டா கல்லுங்கறான். கருமாதிக்குத்தாம்மா கல்லு நடுவாங்க.”

“அண்ணே, இவன் படிச்ச பைத்தியம்ணே. மனசுல வெச்சுக்காத.”

“பைத்தியத்துகிட்ட யாரு மஞ்சளக் குடுத்தது?”

அத்தை அவசரமாக மஞ்சள் குழைத்து வந்து மறுபடி தடவினார்கள். ஈரத் தாளில் அது வழுக்கிக்கொண்டு மணமக்கள் பெயர் வரைக்கும் ஒழுகியது. மாமா வாங்கிக்கொள்ளவில்லை. “வெச்சிட்டுப் போங்க” என்று உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும்போது அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, புடவையில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் அப்பா அச்சகத்துக்குப் போனார். சாதாரணத் தாளில் ஒரே ஒரு பத்திரிகை அடித்து வாங்கி, அதற்கு அவரே மஞ்சள் வைத்தார். கை பழகாமல் அள்ளித் தடவியதில் பாதிப் பத்திரிகை மஞ்சளாகிவிட்டது. தனியாகச் சிதம்பரம் போய், சாயங்காலம் திரும்பி வந்தார்.

“வரேன்னாரு” என்றார் அம்மாவிடம்.

“வேற?”

“வேற ஒண்ணும் பேசல.”

மாமா வந்தார். முகூர்த்தத்துக்கு முன்பே, திருப்பாதிரிப்புலியூர் மண்டபத்துக்கு, சீர்த் தட்டுகளோடும் அத்தையோடும் வந்து மேடையில் நின்றார். அக்காவுக்கு மாலை எடுத்துக் கொடுத்தார். எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றார். அம்மா அன்றைக்கு அழுததெல்லாம் அக்காவுக்காக என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். தாலி கட்டி முடிந்ததும் மாமா அத்தையைக் கூட்டிக்கொண்டு பின்வாசல் பக்கம் நடந்தார். நான் ஓடினேன்.

“மாமா, சாப்ட்டுப் போங்க மாமா. அம்மா எல போட்டு வெச்சிருக்காங்க.”

“மழ வர்ற மாதிரி இருக்கு மாப்ள. கெளம்பறோம்.”

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அத்தை என் தோளைத் தொட்டுவிட்டு அவர் பின்னாலேயே காரில் ஏறினார்கள்.

உள்ளே, பந்திக் கூடத்தில், அம்மா இரண்டு இலைகளை யாரும் உட்காராமல் காவல் காத்துக்கொண்டு நின்றாள்.

“எங்கடா ஒங்க மாமா?”

“கை கழுவப் போயிருக்காரும்மா” என்றேன்.