லிப்ட் எந்தப் பக்கம்?

"அண்ணே, லிப்ட் எந்தப் பக்கம்?" என்று கேட்டபடி மருத்துவமனை ஊழியர் ஒருவர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வருகிறார். வராந்தாவின் நட்டநடுவில் நின்று போனில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்த ஆள், பேச்சை நிறுத்தி, சுவரோரம் ஒதுங்கி, கையை நீட்டிப் பதவிசாக வழி காட்டுகிறார்.

கேட்டவர் நேற்று வேலைக்குச் சேர்ந்தவரில்லை. தலை நரைத்ததே இந்த மருத்துவமனையில்தான். நர்சுகள் அவருக்கு வைத்த பெயர் 'புது ஆள்'.

"வழி விடுங்கன்னா மொறைப்பாங்க. வழி கேட்டுப் பாருங்க, கூடவே வந்து விட்டுட்டுப் போவாங்க" என்பார்.

கோபம் வராமலில்லை. அதைவிட ஆச்சரியம்தான் அதிகம். "பெஞ்சு காலியாக் கெடக்கு. கதை பேசறது மட்டும் வாசப்படியில. அது ஏன்னு இன்னிக்கு வரைக்கும் புடிபடல." வீட்டில் இவரும் சமையலறை வாசலில்தான் நின்று பேசுவார். "நந்தி மாதிரி குறுக்க நிக்காதீங்க" என்று மனைவி கரண்டியால் ஒதுக்குவாள்.

அன்று ஸ்ட்ரெச்சரில் கிடந்தவருக்குக் குடல்வால் வெடித்திருந்தது. மனைவியும் மகளும் பின்னால் ஓடி வந்தார்கள். லிப்ட் வாசலில், பிறந்த குழந்தையைப் பார்க்க வந்த ஒரு பெருங்கூட்டம் பலூனும் கையுமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. லிப்டே எதிரில் இருக்கும்போது அதற்கு வழி கேட்க முடியுமா? நோயாளி முனகினார். புது ஆள் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்:

"ஆமா, குழந்தை யார் ஜாடைங்க?"

"எங்க பையனை உரிச்சு வெச்சிருக்கு!"

"நல்லா இருக்கே! அந்த மூக்கு எங்க வீட்டு மூக்கு!"

பெண் வீட்டார் ஒருபுறம், பிள்ளை வீட்டார் மறுபுறம் என்று கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நடுவே ஸ்ட்ரெச்சர் லிப்டுக்குள் நுழைந்தது.

அறுவை சிகிச்சை அறையில் நோயாளியை ஒப்படைத்துவிட்டு, வெறும் ஸ்ட்ரெச்சரோடு திரும்பிக் கதவைத் திறந்தார். வாசலை அடைத்துக்கொண்டு அந்தத் தாயும் மகளும். மகள் தாயின் தோளில் முகம் புதைத்திருந்தாள். இவர் வந்து நிற்பதை இருவருமே கவனிக்கவில்லை.

"ஏம்மா, வழியில நின்னா எப்படி?" என்று வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் குரல் எழுப்பினாள்.

புது ஆள் அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். ஸ்ட்ரெச்சரைச் சத்தமில்லாமல் பின்னுக்கு இழுத்து, காலால் பிரேக்கை மிதித்துவிட்டு, கதவைத் தாங்கிப் பிடித்தபடி நின்றார்.