லோகு நட்ட குச்சி

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்து கிரிக்கெட் அணிக்கு லோகு பதினோராவது ஆட்டக்காரர். மட்டை பிடித்தால் வலை இழுக்கிற மாதிரியே நிற்பார். பந்து ஸ்டம்பைச் சாய்த்த பிறகுதான் மட்டை வரும். ஆனாலும் அவர் இல்லாமல் ஆட்டம் கிடையாது. பேட்டிங் செய்கிற அணியே அம்பயரைத் தரவேண்டும் என்பது இங்கே வழக்கம். தன் ஆளுக்கே கூசாமல் விரலைத் தூக்குகிற மனுஷன் என்று எதிர் அணிகள் அவரைத்தான் கேட்பார்கள். எங்களுக்கோ வயிற்றெரிச்சல்.

அடித்த பந்து ஏரித் தண்ணீரில் விழுந்தால் அவுட். மிதந்து போவதை யார் நீந்திப் பிடிப்பது? அதனால் ஆட்டத்துக்கு முன்பே லோகு தண்ணீர் ஓரமாகக் குச்சிகள் நடுவார். குச்சியைத் தாண்டினால் தண்ணீர் என்று பேச்சு.

போன பொங்கலுக்கு ஃபைனல். எதிரே கும்மிடிப்பூண்டி கம்பெனி ஆட்கள். பதினோரு வருஷமாக நாங்கள் கோப்பையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அன்று மீன்பிடித்துவிட்டுத் தாமதமாக வந்த லோகு, காலையில் தண்ணீர் ஏறி நின்ற இடத்திலேயே அவசரமாகக் குச்சிகளை நட்டுவிட்டார். மதியத்துக்குள் தண்ணீர் இறங்கிவிடும் என்று ஏரியிலேயே வளர்ந்தவருக்குத் தெரியாதா?

கடைசிப் பந்து. நான்கு ரன் வேண்டும். லோகுவின் மச்சான் எழிலரசன் தூக்கி அடித்தான். பந்து குச்சியைத் தாண்டி, வெறும் சேற்றில் பொத்தென்று விழுந்தது. தண்ணீர் இன்னும் இருபதடி தள்ளி இருந்தது. நாங்கள் குதித்துக் கூத்தாடினோம்.

லோகு போய்ப் பார்த்தார். விரலைத் தூக்கினார்.

"இன்னா மாமா, பால் சேத்துலதான கீது? தண்ணி எங்க கீது?" என்று கத்தினான் எழிலரசன்.

"குச்சி நட்டது என் தப்புதான்டா. ஆனா அவங்க ஆளும் இதே சேத்துலதான அடிச்சான்? அவங்க அம்பயரு அவுட்டு குடுத்தப்ப நீ விசில் அடிச்சிக்கினு இருந்தியே?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எழிலரசன் மட்டையை வீசிவிட்டுப் போனான். அவனுடைய அக்கா பூவம்மாள், புருஷனிடம் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

அடுத்த ஞாயிறு லோகு வரவில்லை. இனி தன்னைச் சேர்க்கமாட்டார்கள் என்று நினைத்துவிட்டார். ஆட்டமும் தொடங்கவில்லை. கடைசியில் எழிலரசனே போய் அவரைக் கையோடு கூட்டி வந்து, குச்சிகளை நீட்டினான்.

"எங்கடா நடட்டும்?" என்றார் லோகு.

"நீ எங்க நட்டாலும் சரி மாமா. ஆனா கொஞ்ச நேரம் குந்து. தண்ணி எறங்கட்டும்."

பதினோரு பேரும் மணலில் உட்கார்ந்து, தண்ணீர் இறங்கக் காத்திருந்தோம்.