தம்பி டிவியில் வந்த ஞாயிற்றுக்கிழமை

விடிந்தும் விடியாமலும் வாசலில் டூவீலர் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் என் தம்பி, வண்டியின் பின்னால் ஒரு பூவன் தாரைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூர்ப் பக்கம் அவனுக்கு வாழைத் தோட்டம். அங்கிருந்து ஊரின் மறுகோடியில் இருக்கும் எங்கள் கே.கே. நகருக்கு இந்நேரத்தில் வந்து நிற்கிறான் என்றால் என்ன நினைப்பது? 

"என்னடா ஆச்சு? வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லக்கா. இ... இ... இன்னிக்கு டி... டிவியில..."

"உன்னைப் போடறாங்களா?" என்று மீதியை நானே முடித்தேன். தலையாட்டினான்.

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். ஐம்பதைத் தாண்டியும் அது அவனை விடவில்லை. நான் நேர் எதிர். ஜங்ஷனில் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த பிளாட்பாரம் என்று சொல்லிச் சொல்லியே ரிடையர் ஆனவள். கேட்கிறவர்கள் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவேன். "கடவுள் ரெண்டு பேருக்கும் உள்ள பேச்சை ஒருத்திகிட்டயே கொடுத்துட்டாரு" என்பார் என் வீட்டுக்காரர். சொல்லட்டும். அவருக்கு வேறு என்ன வேலை?

விஷயம் இதுதான். ஆடிக் காற்றில் வாழை சாயாமல் இருக்கத் தம்பி ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். சவுக்குக் கழியை முட்டுக் கொடுப்பதற்குப் பதிலாக, எதிரெதிர் மரங்களை பிளாஸ்டிக் பட்டையால் இழுத்துக் கட்டி, ஒன்றை ஒன்று தாங்கும்படி செய்துவிட்டான். அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் எல்லாத் தோட்டமும் படுத்துவிட்டது, இவனுடையது நின்றது. அதைக் கேள்விப்பட்டு அரசு டிவியின் விவசாய நிகழ்ச்சிக்காரர்கள் வந்து படம் பிடித்துப் போனார்கள். சனிக்கிழமை போன் செய்து, "நாளைக்கு உங்க நிகழ்ச்சி வருதுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். இவன் "ச... சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை. உலகத்தில் அவன் பயப்படுகிற ஒரே சாமான் போன்தான். நேரில் என்றால் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். போனில் கொஞ்சம் தாமதித்தால் லைன் கட் ஆகிவிட்டது என்று வைத்துவிடுவார்கள்.

"சரி, அதுக்கு ஏன் இங்க ஓடி வந்தே? ஊர்ல உங்க வீட்ல டிவி இல்லையா?"

"அ... அங்க எல்லாரும் இருப்பாங்கக்கா."

புரிந்துவிட்டது. டீக்கடையில் அவன் டீ சொல்வதையே இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்து தன்னைத்தானே பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. படம் பிடித்து முடித்ததும், "வே... வேற யாராவது குரல் போட்டுக்கலாங்களா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கிறான், மைக் பிடித்த பெண்ணிடம். "பார்க்கறோம்ணே" என்று சொல்லிப் போயிருக்கிறாள். வேறு குரல் போட்டிருக்க வேண்டுமே என்று அவன் வேண்டிக்கொண்டிருந்தான். போட்டிருந்தால் அந்தப் பெண்ணை நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று நான் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் தன் போனைத் தடவிப் பார்த்துவிட்டு, "விவசாயம்னு மூணு தடவை போட்டிருக்கு மாப்ள. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. எதுல நீ வர்றேன்னு போடலை" என்றார். ஞாயிற்றுக்கிழமை, யாருக்குப் போன் போட்டுக் கேட்பது? டிவியைப் போட்டேன். அந்தச் சேனல் எந்த எண்ணில் வருகிறது என்று தேடுவதற்கே ஒரு பாடு பட வேண்டியிருந்தது. அத்தனை காலமாகப் பார்க்காமல் விட்டிருக்கிறோம்.

நாதஸ்வரம் வந்துகொண்டிருந்தது. அடேயப்பா, எத்தனை நாளாயிற்று அப்படி முழுசாகக் கேட்டு! நடுவில் விளம்பரம் இல்லை, கீழே ஓடும் எழுத்து இல்லை, வாசித்து முடிக்கும் வரை காமிரா வித்வான்கள் இருவர் முகத்தை விட்டு நகரவில்லை. பிறகு ஒரு பெரியவர் யோகா செய்து காட்டினார். என் வீட்டுக்காரர் காலைத் தூக்கிப் பார்த்து, சோபாவிலேயே சரிந்தார். தம்பி சிரித்தான். அன்றைக்கு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் காலை விவசாய நிகழ்ச்சி. தம்பி எழுந்து நின்றுகொண்டான். வந்தது வெள்ளாடு. ஒருவர் கொட்டகை போடுவது பற்றிப் பேசிக்கொண்டே போனார், ஆடுகளும் ஒத்து ஊதின. எனக்கு எரிச்சல். ஆனால் தம்பி பார்த்தது வேறு. திரையின் கீழே அந்த விவசாயியின் செல் நம்பர் பெரிய எழுத்தில் வந்தது, சந்தேகம் இருந்தால் நேரடியாக அவரைக் கூப்பிடலாம் என்று.

"அக்கா. எ... எ... என் நம்பரையும் வாங்கிட்டுப் போனாங்க."

முகம் செத்துவிட்டது அவனுக்கு. பார்த்துச் சிரிப்பார்களே என்று மட்டும் நினைத்திருந்தவனுக்கு, இனி யார் யாரோ கூப்பிடுவார்கள் என்று தெரிந்ததும் எப்படி இருக்கும்? "போனை என்கிட்ட குடுறா. நான் பேசிக்கறேன். எனக்கு வாழையைப் பத்தித் தெரியாதா?" என்றேன்.

"உனக்குப் பழத்தைத் தெரியும்" என்றார் என் வீட்டுக்காரர்.

தம்பி மறுபேச்சு இல்லாமல் போனை என் மடியில் வைத்தான். பள்ளிக்கூடத்தில் இவன் பெயரைக் கேட்டால்கூட நான்தான் சொல்வேன். பொண்ணு பார்க்கப் போனபோதும் நான்தான் பேசினேன். எங்களுக்கு இது பழக்கம்.

நாள் நகர்ந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மூன்று பேரும் அந்தச் சேனலை விட்டு நகரவில்லை. ஒரு டாக்டர் சர்க்கரை வியாதி பற்றி நேரலையில் பேசினார். கூப்பிட்டவர் எதிரொலியில் தடுமாற, "டிவி சத்தத்தைக் குறைச்சிட்டுப் பேசுங்கம்மா, ஒண்ணும் அவசரமில்லை" என்றார் நிகழ்ச்சி நடத்தியவர். அந்த அம்மா தன் கால் எரிச்சல் கதையை ஆதியிலிருந்து சொன்னாள். யாரும் குறுக்கிடவில்லை. நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் சேனலில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துப்போயிருந்தது.

டில்லியிலிருந்து ஒரு நிகழ்ச்சியில் ஸ்ரீரங்கம் வந்தது. இந்தியில் சொல்லிக்கொண்டே ராஜகோபுரத்தை மேலிருந்து காட்டினார்கள். தீவு முழுக்கப் பச்சை, இரண்டு பக்கமும் ஆறு. தம்பி டிவிக்குக் கிட்டே போய்க் கொள்ளிடக் கரையில் ஒரு இடத்தை விரலால் தொட்டான். "ந... நம்ம தோட்டம்க்கா!" உண்மையில் அது அவன் தோட்டம்தானா என்று யாருக்குத் தெரியும்? நானும் ஆமாம் என்றேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு காது கேளாதவர்களுக்கான செய்தி. ஒரு பெண் கையாலும் முகத்தாலும் செய்தி சொன்னாள். வெள்ளம் என்றால் விரல்களில் தண்ணீர் வந்தது. வருத்தமான செய்திக்கு அவள் புருவம் இறங்கியது. தம்பி சோற்றுக் கையைக் கழுவாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். இவர்களையும் நினைத்து ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறார்களே என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது. காசு வராத நிகழ்ச்சி, வேறு யார் போடுவார்கள்?

மத்தியான விவசாய நிகழ்ச்சி வந்தது. மறுபடியும் அதே வெள்ளாடு. "இந்த ஆட்டுக்கு நாம இன்னிக்கே பேர் வச்சிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். அதன்பின் வீணைக் கச்சேரி, பள்ளிப் பிள்ளைகளுக்கான வினாடி வினா, ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். நாயகி அழுத இடத்தில் நானும் அழுதேன். தம்பி மட்டும் கடிகாரத்தையும் என் மடியில் இருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தான்.

சாயங்காலம். எடுத்த எடுப்பிலேயே வாழைத் தோட்டம். நடுவில் என் தம்பி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். "எப்படிண்ணே உங்களுக்கு இந்த யோசனை வந்துச்சு?" என்று கேட்டாள் அந்தப் பெண். அவன் வாய் திறந்தான். "கா... கா..." நின்றுவிட்டது.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். நான் திரையைப் பார்த்தே, "காத்து! காத்து!" என்று முணுமுணுத்தேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

திரையில் அந்தப் பெண் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. தலையாட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மைக்கைப் பிடித்தபடி அவன் முகத்தைப் பார்த்து நின்றாள். அவள் பின்னால் வாழை இலை அசைந்துகொண்டிருந்தது. "...காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு மரமே சொல்லும்ங்க" என்றான் என் தம்பி. அவன் சொந்தக் குரலில். பிறகு பட்டையை எப்படி இழுப்பது, எங்கே முடிச்சுப் போடுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். திக்கிய இடத்திலெல்லாம் திக்கினான். ஒன்றையும் வெட்டவில்லை அவர்கள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நன்றாக இருக்கட்டும் அந்தப் பெண் என்று வாய்விட்டே சொன்னேன்.

தம்பி எப்போதோ கண்ணைத் திறந்துவிட்டிருந்தான். டிவியைப் பார்த்தபடியே கேட்டான்.

"அ... அவ்வளவு நேரந்தானாக்கா?"

"என்னடா?"

"நா... நான் நின்னுட்டா, பெரிய நேரம் ஆகுற மாதிரி இருக்கும். எல்லாரும் எந்திரிச்சுப் போயிடுவாங்கன்னு தோணும். இ... இவ்வளவுதான் ஆகுதா?"

 என் வாழ்நாளில் பதில் வராமல் நான் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். அந்த நேரத்தைக்கூட அவனுக்கு நான் விட்டு வைத்ததில்லையே, அவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

திரையின் கீழே அவன் நம்பர் வந்தது. வந்து முடிவதற்குள் என் மடியில் போன் அடித்தது. பழக்க தோஷம், எடுத்துக் காதருகே கொண்டுபோய்விட்டேன். தம்பி கையை நீட்டினான்.

"கு... குடுக்கா."

கொடுத்தேன். தேனிப் பக்கமிருந்து யாரோ, பெரிய குரல், எங்கள் வரைக்கும் கேட்டது. "வணக்கங்க, இப்பத்தான் டிவியில பார்த்தேன். பட்டையை எந்தப் பக்கத்துலேருந்து கட்ட ஆரம்பிக்கணும்?"

நான் எழுந்து டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

"மே... மே..." என்றான் தம்பி. நின்றுவிட்டது. மேற்கு. அந்தச் சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். மறுமுனையிலும் சத்தம் இல்லை. வைத்துவிட்டாரோ என்று எனக்குப் படபடத்தது. தம்பி அவசரப்படவில்லை.

"...மேக்காலேருந்துங்க" என்றான்.

"சொல்லுங்க, சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றது தேனி.