சிவந்த கண்கள்

எழுபதுகளில் குருண் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்த புதிது. விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் எல்லாரையும் கேலி பேசிச் சிரிக்க வைப்பவர், பால்மரம் வெட்டும் ஓர் அம்மா. வெற்றிலைக் காவியேறிய பல். ஆனால் மத்தியானம் பால் நிறுக்க வரும்போது மட்டும் கண்கள் சிவந்து வீங்கியிருக்கும்.

ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டேன்: “என்னா, காட்டுல சம்சு குடிச்சியா?” அவருக்கு என் அம்மா வயது.

வாளியை இறக்கி வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்: “இல்லீங்க ஐயா. வீட்டுல புள்ளைங்க இருக்குதுங்க. அதான் அழுவுறத மரத்துக்கிட்டயே முடிச்சிட்டு வந்துர்றேன்.”

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. என்ன கஷ்டம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் எடைப் புத்தகத்தில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, “அடுத்த ஆள்!” என்று கத்தினேன்.