அக்காவின் கிடாரம்

கிணற்றடியில் கவிழ்ந்து கிடக்கும் அலுமினியக் கிடாரத்தைத் தலைவாசல் வரை தூக்கிவரச் சொன்னாள் மனைவி. கதிர்காமத்துக்கு நடந்துபோகும் கூட்டம் நாளை அதை எடுக்க வருகிறது. இடுப்புப் பிடித்த என் நாரியோ இப்போதெல்லாம் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்குவதற்கே யோசிக்கிறது.

கடலோரக் கல்லடியில் என் அக்கா அந்தக் கிடாரத்தில்தான் ஆண்டுதோறும் பாதயாத்திரைக்காரருக்குக் கஞ்சி காய்ச்சினாள். சுனாமி வீட்டையும் அவளையும் கொண்டுபோனது. பல நாள் கழித்து, வாவிக் கரையில் விளிம்பு நெளிந்து கிடந்த கிடாரத்தை மட்டும் அத்தான் கண்டெடுத்தார். யுத்தம் முடிந்து காட்டுப்பாதை திறந்ததும், கூட்டத்துக்கான அரிசி, பருப்பு, தேங்காயையெல்லாம் அதற்குள் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். அவருக்கு ஒரு முழங்கால் சரியில்லை. துணைக்குப் போன எனக்கு இரண்டு கால்களும் சரியாக இருந்தன. மனம்தான் திருக்கோவில் ஊரோடு பஸ்ஸில் திரும்பிவிட்டது.

நடையில் எல்லோரும் சாமிதான். என்னையும்கூட அப்படித்தான் அழைத்தார்கள். வீதியோரக் காவலரணில் ஆமிக்காரன் கிடாரத்தைத் திறந்து பார்த்து, அத்தானின் காலையும் பார்த்து மூடினான். காடு தொடங்கும் உகந்தையில் தலைமைச் சாமி வாய் திறந்தார். "காட்டுக்குள்ள நீ விழுந்தா உன்னைத் தூக்கவே நாலு பேர் வேணும். கிடாரத்தை ஆர் தூக்குற? பாரத்தைக் குறை, இல்லாட்டி விடிய பஸ் ஏறு." அத்தான் அசையவில்லை. "அவள் நடந்து வாறாக்களுக்குச் சமைச்ச கிடாரம். நான்தான் தூக்குவன்" என்றார்.

விடியற்காலை அத்தான் குளிக்கப் போன நேரத்தில், பெரியகல்லாற்று அம்மா ஒருத்தி கிடாரத்தைத் திறந்து இரண்டு சுண்டு அரிசியைத் தன் பொட்டலியில் கொட்டிக்கொண்டாள். மற்றவர்களும் வரிசையாக வந்து எடுத்தார்கள். அதிகம் எடுத்தவர், பஸ் ஏறச் சொன்ன அதே தலைமைச் சாமி. நானும் பின்வாங்கவில்லை, செத்தல் மிளகாயை எடுத்துக்கொண்டேன். மாலையில் அத்தான் விறகுக்குப் போனதும் எல்லாம் திரும்பக் கிடாரத்துக்குள் போயின. காடு முழுக்க இதே களவுதான். "இண்டைக்கு இலேசாக் கிடக்கு" என்பார் அத்தான். "முருகன் செயல்" என்று வானத்தைப் பார்ப்பார் தலைமைச் சாமி.

கதிர்காமத்தில், மாணிக்க கங்கையில் கிடாரத்தைக் கழுவியபடி அத்தான் கேட்டார்: "என்ன மச்சான், உனக்குச் செத்தல் மிளகாய் மட்டும்தான் தூக்க ஏலுமோ?"

"ஆர் சொன்ன?"

"அரிசி கழுவுறவனுக்குத் தெரியாதா? ஒரு நாள் பொயில மணம், மறுகா நோவெண்ணெய் மணம். கிடாரத்துக்குள்ள ஆர் கால் நீட்டிப் படுத்த எண்டு யோசிச்சன்."

"தெரிஞ்சும் ஏன் அத்தான் சொல்லல்ல?"

"சொன்னா நிப்பாட்டிப் போடுவியளே" என்றார். மணலால் தேய்த்த இடத்தையே மீண்டும் மீண்டும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அத்தானும் அக்காவிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். கிடாரத்தை நிமிர்த்தினேன். கிணற்றடியிலிருந்து தலைவாசல் போவதற்குள் மூன்று இடத்தில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினேன். உள்ளே ஒரு மணி அரிசிகூட இல்லை. அன்று அத்தானின் தோளிலிருந்து நாங்கள் இறக்கியது அரிசியை மட்டும்தான்.